பாடம் முடிந்தது என்று நான் சொல்லவில்லை

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, உங்களையே சாட்சியாக நிறுத்திப் பேசுகிறேன். ஆலயத்தில் வேதம் வாசிக்கப்படும்போது நீங்களும் அங்கே இருந்திருக்கிறீர்கள். காணிக்கை உறையைத் தேடுகிறவர்களையும் கைப்பேசியைத் தடவுகிறவர்களையும் கண்டிருக்கிறீர்கள். நான் சொல்வது பொய்யென்றால் எழுந்து மறுத்துப் பேசுங்கள்.

கடந்த மழைக்காலத்தில் என் அக்கா ஜெசி பொன்முடியிலிருந்து அழைத்தாள். அத்தான் அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளி. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலைமண்ணைத் தாங்கி நிற்கும் சுவர் பிளந்துவிட்டது. நிர்வாகம் வந்து பார்த்தது. ஒரு தார்ப்பாயைக் கொடுத்துவிட்டுப் போனது. "தம்பி, பிள்ளையள வச்சிக்கிட்டு கண்ண மூட முடியல. மழ நிக்கது வரைக்கும் உங்க சபை ஹால்ல ஒதுங்க எடம் கேளு" என்றாள்.

கேட்டேன். திருவனந்தபுரத்தில் எங்கள் தமிழ்ச் சபைக்கு விசாலமான மண்டபம் உண்டு. சபைச் செயலர் என் தோளைத் தட்டி, "ஜெபக்குறிப்புல சேத்தாச்சு மோனே. கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்றார். மண்டபத்தைப் பற்றி மீண்டும் கேட்டேன். புதிதாகப் பதித்த டைல்ஸ் பாழாகும் என்றார். என் உள்ளம் எரிந்தது. சீஷர்களின் புழுதிக் கால்களைக் கழுவியவருக்குச் சொந்தமான மண்டபத்தில், சேற்றுக் கால்களுக்கு இடமில்லையாம்.

நான் மேடைப் பேச்சில் பயின்றவன். கல்லூரி விவாத மேடைகளில் எதிரணியை வாயடைக்கச் செய்தவன். அந்த ஞாயிறு வேதபாடம் வாசிக்கும் முறை என்னுடையது. வாசித்து முடித்த கையோடு பேசிவிடுவதென்று கூரான வாக்கியங்களைத் தீட்டி வைத்தேன். சனிக்கிழமை மாலை முழங்காலிட்டேன். வாக்கியங்கள் வரவில்லை. அழுகைதான் வந்தது. "ஆண்டவரே, எனக்குப் பேச நாவு தந்தீர். இவர்களுக்குக் கேட்கிற செவியைத் தாரும்" என்று மட்டும் மன்றாடினேன்.

மறுநாள் வேதத்தைத் திறந்தேன். அட்டவணைப்படி அன்றைய பகுதி யாக்கோபின் நிருபம். உடையும் உணவும் இல்லாத சகோதரனை, கையில் ஒன்றும் கொடாமல் வாழ்த்தி அனுப்புகிறவனின் விசுவாசம் எதற்கு உதவும் என்று கேட்கிற பகுதி. அதை நான் தெரிந்தெடுக்கவில்லை. நிறுத்தி நிதானமாக வாசித்தேன்.

வாசித்தவர் "இத்துடன் பாடம் முடிந்தது" என்று சொல்வதும், சபை பாட்டுக்கு எழும்புவதும் எங்கள் வழக்கம். அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. எங்கே முடிந்தது? சுவர் பிளந்தபடிதானே நிற்கிறது? தீட்டி வைத்த பேச்சையும் பேசவில்லை. திறந்த வேதத்தின் முன் மௌனமாக நின்றேன்.

யாரோ இருமினார்கள். ஆர்கன் ஒருமுறை தொடங்கி நின்றது. செயலர் முடிக்கச் சொல்லிக் கையசைத்தார். நான் அசையவில்லை.

அப்போது பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி லில்லிபாய் அக்கா எழுந்தார். நகரில் சாலை என்னும் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் செய்பவர். "தம்பி, கடைசி வசனத்த இன்னொருக்கா வாசி" என்றார். வாசித்தேன். அவர் சபையைத் திரும்பிப் பார்த்தார். "ஹால் சாவி ஒண்ணு எங்க சங்கத்துக்கிட்டயும் உண்டு. ஜெபக்குறிப்புல சொன்ன பொன்முடி குடும்பங்களக் கூட்டிட்டு வர எங்க கடை வண்டி வெளிய நிக்குது. யாரெல்லாம் வாறிய?"

செயலர் டைல்ஸ் என்று தொடங்கினார்.

"அத நாங்க தொடச்சிக்கிடுவோம் அண்ணாச்சி. நீங்க ஜெபிச்சிட்டே இருங்க."

அன்று மாலைக்குள் லயத்துக் குடும்பங்கள் யாவும் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தன. மறுநாள் விடியலில் சுவர் சரிந்தது. அக்கா வீட்டில் பிள்ளைகள் படுக்கும் அறை மண்ணுக்குள் போயிற்று. பிள்ளைகளோ அந்த டைல்ஸ் தரையில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். கர்த்தருக்கே ஸ்தோத்திரம். நான் செவியைக் கேட்டேன். அவர் செவியைத் தந்தார்.

ஆனாலும் என் கோபம் ஆறவில்லை. பிறகொரு நாள் ஆலய வாசலில் ஒருவர் என் கையைக் குலுக்கி, அன்றைக்கு அருமையாக வாசித்தாய், நல்ல குரல் என்றார். என்ன வாசித்தேன் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

பிரியமானவர்களே, வேதம் குரலுக்காக வாசிக்கப்படுவதில்லை. கேளுங்கள், கேட்டதைச் செய்யுங்கள், மற்றதை அவர் செய்வார், நம்புங்கள்.

அடுத்த முறை வாசிக்க நின்றபோது, சபை முழுவதும் கேட்க உரத்த குரலில் வாக்குக் கொடுத்தேன்: "வாசித்ததைச் செய்ய ஒருவராவது எழும்பும்வரை, பாடம் முடிந்தது என்று நான் சொல்லமாட்டேன். எவரும் எழும்பாவிட்டால், வேதத்தை மூடிவிட்டு நானே புறப்படுவேன்."