கரடி எவ்வளவு பெரிசு?

போன சனிக்கிழமை ஒரு கருங்கரடியைப் பார்த்தேன். மிருகக்காட்சிச் சாலையில் அல்ல... காட்டில். நடுவில் கம்பி ஏதும் கிடையாது.

வில்லரே என்கிற நகர்ப்பகுதியில் எங்கள் மேல்வீட்டில் இருக்கிறாள் வசந்தி. மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரை பொதி செய்கிற வேலை. பஸ்ஸில் யாராவது இடித்தால் அவள்தான் பிரெஞ்சில் 'பார்தோன்' என்று மன்னிப்புக் கேட்பாள். அவளையும் அவளுடைய ஒன்பது வயது மகள் மதுவையும் ஏற்றிக்கொண்டு, இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க வடக்கே காரோட்டிப் போனேன்.

ஏரியின் மேல் பனிமூட்டம். மஞ்சள் இலைகள் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தன. கனவுக்குள் நடப்பதுபோல் நடந்தோம். மது சற்று முன்னால் போனாள்... நின்றாள்.

ஓக் மரத்தடியில் ஒரு கரிய உருவம். கொட்டைகளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது. தலையை நிமிர்த்தி எங்களை மோந்தது. அதன் மூச்சு வெண்புகையாக எழுந்ததுகூடத் தெரிந்தது.

எனக்குக் கால் நகரவில்லை. வசந்தி நடந்து போய் மகளுக்கு முன்னால் நின்றாள். சால்வையை இரு கைகளாலும் விரித்துப் பிடித்தாள். பிள்ளையை நித்திரையாக்குகிற குரலில் கரடியோடு கதைத்தாள்.

"நாங்கள் ஒண்டும் செய்யமாட்டம். போ ராசா... போ."

எவ்வளவு நேரம்? தெரியாது. கரடி திரும்பி, அவசரமில்லாமல், மூட்டத்துக்குள் கரைந்தது.

பூங்கா வாசலில் காவல் அலுவலராக இருந்த பெண்ணிடம் சொன்னோம். எவ்வளவு பெரிசு என்று கேட்டாள். வசந்தி தன் தலைக்கு மேலே கையை உயர்த்தினாள். நான் தோளைக் காட்டினேன். மது மட்டும் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

அலுவலர் எங்களோடு வந்து சேற்றிலிருந்த தடத்தை அளந்தாள். மது சொன்னதுதான் சரியாம். அநேகமாகப் பெண்கரடி என்றாள். ஆண் எடையில் இதைப்போல் இரண்டு மடங்குகூட இருக்குமாம். ஒரே கரடி குளிர்கால உறக்கம் முடிந்து வசந்தகாலத்தில் எலும்பும் தோலுமாக வெளியே வரும். இலையுதிர்காலத்தில் உருண்டு திரண்டு நிற்கும். கொட்டையும் பழமும் தாராளமாய் விளைகிற காட்டில் பெரிதாய் வளரும். விளையாத காட்டில் அதே வயதுக் கரடி சிறிதாகவே நின்றுவிடும்.

ஆக, கரடியின் அளவு என்பது அது தின்ற தீனி. மிச்சத்தை ரோமமும் நம் பயமும் சேர்ந்து நிரப்பிவிடுகின்றன... இல்லையா?

திரும்பி வரும்போது, நெடுஞ்சாலையில் வைத்துத்தான் வசந்தி அழத் தொடங்கினாள். காரை ஓரமாக நிறுத்தினேன். பின் இருக்கையில் மது தூங்கியிருந்தாள். வசந்தி அழுது முடித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"பாவம்... நாங்கள் போய் அதின்ரை சாப்பாட்டைக் குழப்பிப்போட்டம். குளிருக்கு முன்னம் அதுக்குத் தீனி காணுமோ?"

இந்நேரம் அது எங்கேயோ கொழுத்துக்கொண்டிருக்கும். கொழுக்கட்டும்.