சாக்கு விரிப்புக்கு அடியில்

எங்களை ஆளாக்கிய அப்பா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். அப்பாவைப் பற்றி நல்லதாக நான்கு வார்த்தை எழுதச் சொன்னான் தம்பி. எழுதுகிறேன். கூடவே என்னைப் பற்றிக் கெட்டதாக ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது.

அப்பா பிறந்தது வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில், வானம் பார்த்த பூமியில். பெற்றோர் பிறர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சிகளைக் கட்டையில் அடுக்கி, லாரியில் கிளீனராகப் போய், ஓட்டுநராகி, கடைசியில் ஒரு பழைய வேனைச் சொந்தமாக வாங்கினார். அச்சங்குளத்துப் பெண்களைக் காலையில் பட்டாசுக் கம்பெனிக்கு ஏற்றிப்போய் மாலையில் வீடு சேர்ப்பதுதான் அவருடைய தொழில். அம்மாவின் தங்கையான எங்கள் சித்தியும் அந்த வேனில்தான் போய்வந்தார்.

எங்கள் பக்கம் மழை குறைவு, வண்டி துருப்பிடிக்காது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ஆனால் பெண்கள் வேலை முடிந்து உடம்பெல்லாம் வெடிமருந்துத் தூளோடு வருவார்கள். கம்பெனி வாசலில் போர்வெல் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு ஈரக்காலோடு ஏறுவார்கள். அது வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். வெறுங்காலில் தகரம் சுடுமே என்று அப்பா தரை முழுக்கச் சாக்கு விரித்திருந்தார். இரக்கப்பட்டுச் செய்த வேலைதான். அந்தச் சாக்கு உப்பையும் ஈரத்தையும் குடித்து வைத்துக்கொண்டு, தகரத்தை அடியிலிருந்து தின்றுவிட்டது.

தீபாவளி சீசனில் ஒரு செவ்வாய்க்கிழமை, வேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே சித்தியின் காலடியில் தரை விட்டுப்போனது. கால் உள்ளே இறங்கி ரோட்டில் உரசியது. குதிகால் சிதைந்தது. அன்றிலிருந்து சித்தி தாங்கித் தாங்கித்தான் நடக்கிறார். கவனமில்லாத மனிதர் என்று அப்பாவுக்குப் பெயராயிற்று. அப்பா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை. சீட்டுகளைக் கழற்றி வெளியே வைப்பார். குடிக்க வைத்திருக்கும் நல்ல தண்ணீரில் தரையையும் அடிப்பாகத்தையும் கழுவி வெயிலில் காயவிடுவார். துரு தெரிந்தால் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, அதன்மேல் பெயின்ட் பூசுவார். கதவுகளின் அடியில் தண்ணீர் வடிகிற துளைகளை ஈர்க்குச்சியால் குத்திவிடுவார். சாக்கை அடியோடு ஒழித்தார். மற்ற வேன்காரர்களிடமும், “மேல பாலிசு போடுறது கெடக்கட்டும்ப்பா, கீழ குனிஞ்சு பாரு” என்பார். அம்மா, “எந்தலைக்கு ஒருநா இம்புட்டுக் கருசனமா எண்ணெ தேச்சு விட்ருக்கீகளா?” என்று கேட்பார். அப்பா சிரிப்பார். சிரித்துக்கொண்டே மறுபடி வேனுக்கு அடியில் போய்விடுவார்.

அப்பா சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், சித்தி வரும்போதெல்லாம் “கால் எப்படிம்மா இருக்கு?” என்றுதான் முதலில் கேட்டார். பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். மூன்று முறை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். மூன்று முறையும், “தம்பி கதவுத் தொளையக் குத்திவிட்டானான்னு கேளு” என்று பேச்சை மாற்றிவிட்டார். நான்காம் முறைக்கு அப்பா இல்லை.

சொல்ல வந்தது இதுதான். சாக்குகளை அலசிப் போடுவது அப்போது என் வேலை. விபத்துக்கு இரண்டு நாள் முன்பு, சாக்கை எடுத்தபோது துருச் சில்லு ஒட்டிக்கொண்டு வந்தது. பெருவிரலால் அழுத்தினேன், தகரம் அப்பளமாக நொறுங்கியது. சொன்னால் அப்பா அந்த நிமிடமே வண்டியைப் பட்டறையில் விட்டுவிடுவார். வெள்ளிக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களை விருதுநகர் ஸ்டேஷனிலிருந்து அந்த வேனில்தான் அழைத்து வருவதாக இருந்தது. சொந்த வண்டியில் வந்து இறங்கினால் நமக்கு ஒரு மதிப்பு என்று நினைத்தேன். அந்த இடத்தில் சாக்கை இரண்டாக மடித்துப் போட்டு மூடிவிட்டேன். பெண் பார்ப்பது ஒரு மாதம் தள்ளிப்போனது, கல்யாணம் நிற்கவில்லை. நின்றிருந்தால் எனக்கும் ஒரு தண்டனை கிடைத்திருக்கும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சித்தியின் காலைப் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னேன். சித்தி என்னைத் தூக்கி நிறுத்தினார்.

“மச்சானுக்குத் தெரியும், புள்ள. மடிச்ச சாக்கப் பாத்ததுமே அவுகளுக்குப் புரிஞ்சுபோச்சு. எனக்குக் கால் போன அன்னிக்கே ஆஸ்பத்திரியில எங்கிட்டச் சொல்லி அழுதாக. கல்யாணத்துக்கு நிக்கிற பிள்ள, பேரு கெட்றக் கூடாது, ஏந்தப்பாவே இருக்கட்டும்னாக. நீயும் அவகிட்டக் காட்டிக்கிறாதன்னு எங்கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாக.”

இத்தனை வருடம் நான் அப்பாவிடம் மறைத்தேன் என்று நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்துவிடாமல் அவர்தான் மறைத்து வைத்திருக்கிறார்.

அப்பாவின் கடைசி நாட்களில் உடனிருந்து பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், முறைபோட்டு இரவில் துணைக்கு இருந்த வேன் ஓட்டுநர்களுக்கும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நின்ற அச்சங்குளத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சித்திக்கு நன்றி என்று எழுதினால் அது போதாது, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். சித்தியின் காலைப் பற்றிய பேச்சு இனி எந்த வீட்டில் வந்தாலும் அப்பாவைச் சொல்லாதீர்கள். என் பெயரைச் சொல்லுங்கள். அப்பா இதற்குச் சம்மதித்திருக்க மாட்டார்.