பயத்துக்குக் கற்றுக்கொண்ட கராத்தே

கராத்தே படித்த யாரைக் கேட்டாலும் வீரத்துக்காகப் படித்ததாகச் சொல்வார்கள். நான் பயத்தில் போய்ச் சேர்ந்தவன். சாதாரணப் பயம் இல்லை. காலையில் பல் விளக்கும்போதே பிடித்துக்கொண்டு, ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் விடுகிற பயம். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தைந்து வயது. வீடு பழங்காநத்தத்தில். ஒத்தக்கடையைத் தாண்டி ஒரு கல்லூரி அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தினமும் இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் வந்து திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டும் கர்ச்சீப்பும் டிபன் பையும் உள்ளே பறக்கும். எந்தப் பொருள் எந்த சீட்டில் விழுந்ததோ, அந்த சீட் பொருளுக்குச் சொந்தக்காரருடையது. இதற்கு எழுதாத சட்டங்கள் உண்டு. கர்ச்சீப் என்றால் ஒரு ஆள். துண்டை நீளமாக விரித்துப் போட்டிருந்தால் இரண்டு ஆள். சட்டம் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது, பிறந்ததிலிருந்து மதுரை பஸ்ஸில் ஏறுகிறவன். இருந்தும் அன்றைக்குக் கால் வலியில் எனக்குப் புத்தி கெட்டுவிட்டது. இரண்டு சீட்டுக்கு விரித்துக் கிடந்த ஒரு துண்டை மடித்து ஜன்னலோரம் வைத்துவிட்டு, இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டேன். துண்டு ஒன்றுதானே, ஆளும் ஒன்றுதான் என்று எனக்கு நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

துண்டுக்காரர் மனைவியோடு ஏறி வந்தார். நாற்பது வயது இருக்கும். நல்ல ஆகிருதி, முழங்கைக்கு மேல் மடித்துவிட்ட சட்டை. மடித்த துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பளார் என்று கன்னத்தில் ஒன்று விட்டார்.

எழுந்துவிட்டேன். அதைத் தவிர எதுவும் செய்யவில்லை. கையை ஓங்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை, வாய்க்குள்கூட முனகவில்லை. கண்டக்டர்தான், "விடுங்கண்ணே, தெரியாம உக்காந்துருச்சு" என்றார். அடித்தவருக்கு அண்ணன் முறை, எனக்கு அஃறிணை. ஒத்தக்கடை வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.

துண்டுக்காரரும் தினமும் அந்த நேரத்துப் பஸ்ஸில்தான் வருகிறவர், மாட்டுத்தாவணியில் இறங்குகிறவர் என்பது மறுநாளே தெரிந்துவிட்டது. அவர் தலை தெரிந்தால் நான் ஏறமாட்டேன். அடுத்த பஸ், அதற்கடுத்த பஸ் என்று விட்டுவிட்டுப் போவேன். ஆபீஸில் வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே சிவப்புக் கோடுகள் விழ ஆரம்பித்தன. சூப்பிரண்டு கூப்பிட்டு, என்ன பிரச்சினை என்று கேட்டார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். கல்லுக்குண்டு மாதிரி இருந்த என் அம்மாவுக்கு அந்த வருடம் வராத வியாதி இல்லை.

அவர் என்னைத் தேடி வந்து அடிக்கப்போவதில்லை என்று புத்திக்குத் தெரியும். புத்தி சொல்வதைக் கால் கேட்கவில்லை. கூட்டத்தில் யார் மேலே உரசினாலும் உடம்பு சிலிர்த்து அடங்கும். இப்படியே இருந்தால் வேலை போய்விடும், அதற்கு முன் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றிய ஒரு நாளில்தான், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக் கல்யாண மண்டபத்தில் நடந்த கராத்தே வகுப்பில் போய் நின்றேன். அடுத்த தடவை அந்த ஆள் கை ஓங்கினால் திருப்பி அடிக்க வேண்டும். என் லட்சியம் அவ்வளவுதான்.

மண்டபத்து மாடியில் சாயங்கால வகுப்பு. முகூர்த்த நாள் வந்தால் லீவு. மாஸ்டர் ஒரு மில் தொழிலாளி, என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டுத்தான் சேர்ப்பார். அதற்குத் தகுந்த மாதிரி பிரித்துவிடுவார். ஆரோக்கியத்துக்கு வந்தவர்களுக்கு உடற்பயிற்சியும் 'கட்டா'வும். எதிரே ஆள் இல்லாமல், காற்றில் வரிசை மாறாமல் குத்தி, தடுத்து, திரும்பிச் செய்கிற அடவுதான் கட்டா. சண்டைக்கென்று வந்தவர்களுக்கு ஆளோடு ஆள் மோதும் பயிற்சி. அதன் பெயர் 'ஃபைட்டு'.

என்னிடம் கேட்டபோது, பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, அடி வாங்கிவிட்டு வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "உடம்பு நல்லா இருக்கணும்னு" என்றேன். கட்டா வரிசையில் நிறுத்திவிட்டார்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த வரிசையில் நின்ற மூன்று மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன். என் பக்கத்தில், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பாய் நிற்பார், என் வயசுதான். நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன். "சும்மாதான் மாப்ள. நாள் பூரா துணிய விரிச்சு மடிக்கிறேன். இங்க கை கால வீசுனா குஷியா இருக்கு. அம்புட்டுதேன்" என்றார். எனக்கும் குஷியாகத்தான் இருந்தது. இருபது அடவையும் ஒன்றுகூடப் பிசகாமல் முடித்து மூச்சு விடும்போது, அந்த அரை நிமிடம், பஸ் ஞாபகமே வராது.

காலையில் மறுபடி வரும். கட்டா போட்டு என்ன பயன், அந்த ஆள் எதிரே வந்தால் காற்றையா குத்துவது என்று மனசு அரித்தது. ஒரு நாள் பாயிடம் உண்மையைக் கொட்டிவிட்டேன். அவர் எனக்கு நல்லது செய்வதாக நினைத்து மாஸ்டரிடம் சொல்லிவிட்டார்.

"என்னாங்க நீங்க, இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல? மூணு மாசம் வேஸ்ட்டாப் போச்சே" என்று மாஸ்டர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். அன்றே என்னை ஃபைட்டு வரிசைக்கு மாற்றினார்.

அதற்குப் பிறகு எனக்கு இரண்டு பயம். காலையில் பஸ், சாயங்காலம் மண்டபம். எதிரே நிற்கிறவன் கையை உயர்த்தினாலே என் கண் தானாக மூடிக்கொள்ளும். உதடு கிழிந்தது, விலா எலும்பு ஒரு வாரம் வலித்தது. படி ஏறும்போது இன்றைக்கு முகூர்த்தமாக இருக்கக்கூடாதா என்று ஏங்குவேன். யார் வீட்டுக் கல்யாணமோ, வாசலில் வாழைமரத்தைப் பார்த்துவிட்டால் மாப்பிள்ளையைவிட எனக்குத்தான் மகிழ்ச்சி.

என் கண் மூடுவதைக் கவனித்த மாஸ்டர் எனக்கென்றே ஒரு பயிற்சி கொடுத்தார். நான் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். பின்னாலிருந்து ஒருவர் வந்து தோளைத் தொடுவார். தொட்ட நொடியே திரும்பி முழங்கையை வீசவேண்டும். "யோசிக்காதீங்க. யோசிச்சா அடி வாங்குவீங்க" என்பார். தினமும் ஐம்பது தடவை. இதில் நான் எல்லோரையும் மிஞ்சிவிட்டேன். தொடுகிறவர்கள் மார்பில் தலையணை கட்டிக்கொண்டு வரவேண்டியதாயிற்று. "இம்புட்டு வேகம் இங்க யாருக்கும் இல்ல" என்று மாஸ்டர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். அது வேகம் இல்லை, வெறும் பயம் என்று எனக்கு மட்டும் தெரியும். தெரிந்தும் பெருமையாக நின்றேன்.

வகுப்பில் சேர்ந்த எட்டாவது மாதம். கல்லூரியில் பரீட்சை வேலை நெருக்கியதால் இனி தாமதிக்க முடியாது என்று, நேரத்துக்கு வந்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன். துண்டுக்காரர் உள்ளே இருந்தார். மூன்று வரிசை தள்ளி, நடைவழி ஓரத்து சீட்டில். நான் அவர் தலையின் பின்பக்கத்தைப் பார்த்தபடி நின்றேன். சிம்மக்கல் தாண்டி, பாலம் தாண்டி, கோரிப்பாளையத்தில் கூட்டம் திமுதிமுவென்று ஏறியது. மூச்சுவிட இடமில்லை. கண்டக்டர் முன்னால் எங்கோ மாட்டிக்கொண்டார்.

அப்படிப்பட்ட நேரத்தில் பின்னால் நிற்கிறவர்கள் டிக்கெட்டுக்குக் காசைக் கை மாற்றிக் கை மாற்றி முன்னே அனுப்புவார்கள். முன்னால் இருப்பவர் தோளைத் தட்டி ஊர் பெயரைச் சொல்லிக் கொடுத்தால் போதும், யார் என்று தெரியாதவர்கள் கடத்திக்கொண்டு போய்ச் சேர்ப்பார்கள், டிக்கெட்டும் மிச்சமும் அதே வழியில் திரும்பி வரும். நானே ஆயிரம் தடவை தட்டியிருக்கிறேன், தட்டப்பட்டிருக்கிறேன்.

என் தோளில் ஒரு கை விழுந்தது.

திரும்பினேன். யோசிக்கவில்லை. முழங்கை எதிலோ மோதிய சத்தம் கேட்டது. சில்லறை சிதறி உருண்டது. எனக்குப் பின்னால் ஒல்லியாக ஒருவர், என் அப்பா வயது, சட்டைப் பையில் பேனா குத்தியிருந்தவர், மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. மூக்குக் கண்ணாடி ஒரு காதில் மட்டும் தொங்கியது.

அவர்தான் முதலில் பேசினார்.

"உத்தங்குடி ஒண்ணு வாங்கச் சொல்லத்தான் தம்பி தொட்டேன். தப்பா நெனச்சுக்கிறாதீங்க" என்றார். கையை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டே சொன்னார், நான் இன்னொன்று விடுவேனோ என்று.

பஸ்ஸில் யாராவது என் சட்டையைப் பிடித்திருந்தால் கணக்குத் தீர்ந்தது என்று தப்பித்திருப்பேன். ஒருவரும் பிடிக்கவில்லை. அம்புட்டு நெருக்கத்தில் என்னைச் சுற்றி ஒரு முழ இடம் எப்படியோ காலியாகிவிட்டது. கண்டக்டர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "சார், என்னா சார்" என்றார். குரலில் மரியாதை. மூன்று வரிசை தள்ளி இருந்த துண்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை அவருக்கு. கொஞ்சம் நகர்ந்து, "பிக்பாக்கெட்டா தம்பி? இப்பிடி வந்து உக்காருங்க" என்றார்.

போய் உட்கார்ந்தேன். கால் நிற்கவில்லை, அதனால் உட்கார்ந்தேன். அது அங்கே யாருக்கும் தெரியாது. மாட்டுத்தாவணி வரைக்கும் அவர் தோள் என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. எட்டு மாதம் கராத்தே படித்த பிறகும் அந்தத் தோள் பட்ட இடமெல்லாம் எனக்குக் கூசியது. பின்னால் ஒருவர் குனிந்து காலடிகளுக்கு நடுவே தன் காசைத் தேடிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் மாஸ்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "கிளாஸ் பேரச் சொல்லலைல?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, "அடிக்கணும்னு வந்தா அடிக்கச் சொல்லித் தருவேன். பயத்த எடுக்கிறதுக்கு எனக்கும் தெரியாதுங்க" என்றார். என்னை மறுபடி கட்டா வரிசையில் விடச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். "குஷியா இருக்கும், அதுக்குத்தான்" என்றேன். ஃபைட்டு வரிசைக்கு மாற்றிய அன்றே சொல்லியிருக்க வேண்டிய உண்மை அது. சரி என்றுவிட்டார். ஐந்தாறு வருடம் பாயோடு சேர்ந்து காற்றைக் குத்திக்கொண்டிருந்தேன், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

குறை வேறு இடத்தில். அந்தக் கண்ணாடிக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று தினமும் அதே பஸ்ஸில் ஏறினேன். அவர் வரவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு காலை, பஸ் ஸ்டாண்டில் தள்ளுமுள்ளுக்கு நடுவே அவரைக் கண்டுவிட்டேன். படிக்கட்டுக் கம்பியைப் பிடித்து ஒரு காலை மேலே வைத்திருந்தார். கண்ணாடியின் ஒரு காம்பில் நூல் சுற்றியிருந்தது. சொல்லவேண்டியதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு அவரை நோக்கி நடந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். வைத்த காலைக் கீழே இறக்கினார். கம்பியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

"ஐயா" என்று கூப்பிட்டேன். அவர் இன்னும் வேகமாக நடந்தார்.