சாப்பாட்டு மணிக்கு யாரும் வராத வாரம்

வேதபாடசாலையில் எல்லோரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் அவள் பெரியவளாக ஆவதற்கு வெகு காலம் முன்பே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது சமையலறையில் கீச்சுக் குரலோடு இன்னொருத்தி இருந்தாள், ஈர்க்குச்சி மாதிரி உடம்பு. அவள் சின்னக்கா என்றால் இவள் பெரியக்கா. சின்னக்கா கல்யாணமாகிப் போய்விட்டாள். பெரியக்கா அங்கேயே தலை நரைத்தாள்.

கொத்தனார் புருஷன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு, கைக்குழந்தையாய் இருந்த மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வாசலுக்கு வந்தவள் அவள். பாடசாலை முதல்வர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம், அறுபது பேருக்குச் சமைக்க வருமா என்று. வீட்டில் இரண்டு பேருக்கு மேல் சமைத்தறியாதவள், வரும் என்று சொல்லிவிட்டாள். முதல் வாரம் சோறு குழைந்தது. அடுத்த வாரம் வேகவில்லை. அப்புறம் கை பழகிவிட்டது.

போதகராவதற்குப் படிக்க வந்த வாலிபர்கள் என்றால் சாதுவாக இருப்பார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். வந்து பார்த்தால் மற்ற பையன்களுக்கு எந்த விதத்திலும் குறைந்தவர்கள் இல்லை. கடைசி வருஷத்துக்காரர்கள் உட்காரும் மேஜையில் புதுப் பையன்கள் உட்கார முடியாது. ஜெபம் முடியும் முன்பே கரண்டிக்குக் கை நீளும். பையன்களில் வக்கீல் என்று ஒருவன். பட்டப்பெயர்தான், வாயைத் திறந்தால் எதிராளி ஊரை விட்டே ஓட வேண்டும், அப்படி ஒரு பேச்சு. ஒரு நாள் சோற்றில் கல் கடிபட்டதும் அதை விரல் நுனியில் தூக்கிப் பிடித்து எழுந்து நின்றான். "கல்லை அப்பமாக்குன்னு பிசாசு இயேசுகிட்ட சொன்னான். நம்ம பெரியக்கா அப்பத்தையே கல்லாக்குறாங்க," என்றான். கூடம் முழுக்கச் சிரித்தது. முதல்வர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். பெரியக்கா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவன் தட்டில் போடும்போது மட்டும் அவன் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

அது நடந்த மறு வருஷம், மழைக்காலத்தில், ஒரு சாதாரணக் காலையில் அந்த வாரம் ஆரம்பித்தது.

காலை ஆராதனை அரை மணி நேரத்துக்கு மேல் போகாது. அன்று முதல் வருஷத்துப் பையன் ஒருவன் கடைசிப் பாட்டுக்குப் பிறகு உட்காராமல் நின்றானாம். சேர்ந்த நாளிலிருந்து நாலு வார்த்தை சேர்த்துப் பேசியறியாதவன். தனக்கு வேறு எங்கும் இடம் கிடைக்காததால்தான் இங்கே வந்ததாகவும், இதுவரை உதட்டால்தான் ஜெபித்திருப்பதாகவும், மனசால் ஒரு தடவைகூட இல்லை என்றும் சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே விம்மி அழுதான். அவனைத் தேற்றப் போனவன் தானும் அழுதான். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தனாக எழுந்தார்கள். எவன் மேல் எவனுக்குப் பகை, எவன் யாரை ஏமாற்றினான் என்று நெஞ்சில் அடைத்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது.

இது எதுவும் பெரியக்காவுக்குத் தெரியாது. காலைச் சாப்பாட்டுக்கு மணி அடித்தாள். யாரும் வரவில்லை. மறுபடி அடித்தாள். அடுப்பில் இருந்தது ஆறி ஏடு கட்ட ஆரம்பித்ததும் அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கையிலிருந்த கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் முற்றத்தைக் கடந்து ஆலயத்துக்குப் போனாள்.

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே பையன்கள் முழங்காலில் நின்றார்கள், சிலர் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரு மூலையில் மெல்லப் பாடிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசைக்கும் பின்னால், தரையில், முதல்வர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்காலியில் சாய்ந்துகூட அவள் பார்த்தறியாத மனுஷன்.

அவளைப் பார்த்ததும் அவர், "இன்னிக்கு யாரும் சாப்பிட வர மாட்டாங்க போலிருக்கு, பெரியக்கா," என்றார்.

"அப்போ மத்தியானத்துக்கு?"

"எனக்கும் தெரியலம்மா," என்றார்.

மத்தியானமும் வரவில்லை. மழை விட்டிருந்த நேரம், வெளியே சாலை போடும் ஆட்கள் தார் டின்னைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சமைத்ததை வீணாக்க மனசு வராமல், பாத்திரங்களை வாசல்வரை இழுத்து வந்து அவர்களுக்குப் போட்டாள். மறுநாளும் அதே கதை. அந்த ஆட்களில் வயசான ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு, "ஏம்மா, நாளைக்கும் உள்ள அழுவாங்களா?" என்று கேட்டார். அவளுக்கு அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

வகுப்புகள் நின்றன. செய்தி எப்படித்தான் போனதோ, பக்கத்துக் கல்லூரி விடுதியிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். செவிலியர் பள்ளிப் பெண்கள் சீருடையோடு வந்து, வெளியே ஜன்னலோரம் மழையில் நின்றார்கள். இங்கிருந்து இரண்டிரண்டு பேராகக் கிளம்பிப் போனவர்கள், போன இடங்களிலும் இதே மாதிரி ஆகிவிட்டது என்று திரும்பி வந்து சொன்னார்கள். ஒருவன் பஸ்ஸில் போய், சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியிருந்த அண்ணனைப் பார்த்து மூன்று வருஷத்துக்குப் பிறகு பேசிவிட்டு வந்தான். பெரியக்கா எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டாள். வயிற்றைக் காயப் போட்டால்தான் கடவுளுக்குச் சந்தோஷமா என்று மகளிடம் முணுமுணுத்தாள். ஆனாலும் பாத்திரம் தேய்க்கும்போது ஜன்னலைச் சாத்தவில்லை. பாட்டுச் சத்தம் வந்துகொண்டே இருந்தது, வேலை அலுக்கவில்லை.

ஒரு மத்தியானம் அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது பின்வாசலில் வக்கீல் வந்து நின்றான். முகம் வாடிப் போயிருந்தது. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"அன்னிக்கு அந்தக் கல்லு பத்திச் சொன்னேனே அக்கா. என்னை மன்னிச்சிடுங்க."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அந்த வாரம் அவள் கண்ணில் வந்த ஒரே தண்ணீர் அந்த வெங்காயம் வரவழைத்ததுதான்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"மன்னிச்சேன்னு சொல்லுங்க, சாப்பிடுறேன்."

சுலபமாகச் சொல்லிவிட்டிருக்கலாம். அவளுக்கு வாய் வரவில்லை. இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள், வைத்தாள். பிறகு யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னாள்.

"அதுக்கு முந்தின ராத்திரி முழுக்க என் பொண்ணுக்குக் காய்ச்சல். அனலாக் கொதிச்சுது. மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். காலையில கண்ணு ரெண்டும் எரிஞ்சுது, அரிசியைப் பொறுக்காம உலையில போட்டுட்டேன். நீ எந்திரிச்சுப் பேசினப்போ, ஒருத்தராவது என்னாச்சு பெரியக்கான்னு கேப்பீங்கன்னு பாத்தேன். எல்லாரும் சிரிச்சீங்க."

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் மீதி வெங்காயத்தை அரிந்து முடித்தாள். பிறகு எழுந்து தட்டைக் கழுவினாள்.

"சொன்னப்புறம் பாரமே இல்லாத மாதிரி இருக்குடா. போதும், வந்து சாப்பிடு," என்றாள்.

அவன் சாப்பிட்டான். அவள் அவன் முகத்தைப் பார்த்துப் பரிமாறினாள்.

அன்று சாயங்காலம் தனக்கும் ஏதாவது நடக்குமா என்று பார்க்க மகளைக் கூட்டிக்கொண்டு ஆலயத்துக்குப் போனாள். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள், கண்ணை மூடினாள், காத்திருந்தாள். அழுகை வரவில்லை, உடம்பு சிலிர்க்கவில்லை. பாட்டு தாலாட்டு மாதிரி காதில் விழ, தூங்கிப்போனாள். புருஷன் போனதற்குப் பிறகு அப்படி அடித்துப் போட்ட மாதிரி ஒரு தூக்கம் அவளுக்கு வாய்த்ததே இல்லை. மகள் தோளை உலுக்கி எழுப்பியபோது கூட்டம் கலைந்திருந்தது. யாரோ அவள் மேல் ஒரு சால்வையைப் போர்த்திவிட்டுப் போயிருந்தார்கள். வெட்கத்தில் இதை அவள் வெகு காலம் யாரிடமும் சொல்லவில்லை.

பரீட்சை வந்தது, எல்லாம் மெல்ல அடங்கியது. பையன்களுக்குப் பசி திரும்பியது, சத்தமும் திரும்பியது. கடைசி வருஷத்து மேஜைச் சட்டம் மட்டும் திரும்பவில்லை. அந்தக் கூட்டத்துப் பையன்கள் இருந்தவரை யார் வேண்டுமானாலும் எங்கேயும் உட்கார்ந்தார்கள். வக்கீல் சனிக்கிழமைகளில் சமையலறைக்கு வந்து முறத்தை வாங்கி அரிசி பொறுக்கினான். கல்லை விட அரிசியைத்தான் அதிகமாக வெளியே எறிகிறான் என்று பெரியக்கா திட்டுவாள். அவன் வாதாடுவான். மகளுக்கு அவன்தான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தான்.

அப்புறம் அவர்கள் திசைக்கொருவராகப் போனார்கள். அடுத்தடுத்து வந்த பையன்களும் நல்லவர்கள்தான், ஆனாலும் அவளுக்கு அந்தக் கூட்டம்தான் கூட்டம். முதல்வர் ஓய்வு பெற்றார். பழைய சமையலறையை இடித்துவிட்டு மாடிக் கட்டடம் கட்டினார்கள். பெரியக்காவுக்கு மூட்டு வலி வந்தது. மகள் ஒரு தையற்கடை வைத்திருந்தாள். அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த வீட்டுக்குத்தான் பல வருஷங்களுக்குப் பிறகு வக்கீல் வந்தான். முன்தலை வழுக்கை, கையில் தோல்பை. இப்போது போதகர் இல்லை, அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறான். சபைக் கமிட்டியோடு மனஸ்தாபம், பிறகு தனக்குள்ளேயே மனஸ்தாபம், விட்டுவிட்டேன் என்று மேலோட்டமாகச் சொன்னான். முதன்முதலில் எழுந்து நின்று அழுத அந்த அமைதிப் பையன் எங்கேயோ தூரத்தில் ஊழியம் செய்கிறானாம். மற்றவர்களைப் பற்றியும் சொன்னான். அவள் ஒவ்வொருத்தனுக்கும் எது பிடிக்கும், எது பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். அது ஆறும்வரை அவன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அந்த வாரம் நடந்தது நெசந்தானா? இல்ல, ஒருத்தனைப் பாத்து ஒருத்தன் அழுதோமா? இப்பல்லாம் எனக்கே புரிய மாட்டேங்குது."

பெரியக்கா முழங்காலைத் தடவிக்கொண்டாள். பெரிய கேள்வி, தன்னிடம் போய்க் கேட்கிறானே என்று இருந்தது.

"உள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்கு என்னப்பா தெரியும்? நான் அடுப்பங்கரையில இருந்தேன். உள்ள வந்த அன்னிக்கும் தூங்கிட்டேன். ஆனா நீ பின்வாசல்ல வந்து நின்னது நெசம். அதை நான் பாத்தேன்."

அவன் தலையை ஆட்டினான். நம்பினானா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. டீ ஆறிவிட்டது, வேறு போடச் சொல்கிறேன் என்றாள். அவன் வேண்டாம் என்று அதையே குடித்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தபோது, குனிந்து அவள் இரண்டு கைகளையும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவது வருவான். அந்தப் பேச்சை மறுபடி எடுத்ததில்லை. அவன் வந்து போன நாட்களில் பெரியக்காவுக்கு வாய் ஓயாது. பேரப்பிள்ளைகள் பள்ளிப் பையைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார்கள், பிடித்து உட்காரவைத்துவிடுவாள். மழை பெய்ததை, செவிலியர் பள்ளிப் பெண்கள் நனைந்தபடி நின்றதை, அறுபது பேர் குரல் முற்றத்தைத் தாண்டி வந்ததைச் சொல்வாள். இவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறாளே என்று மகள் அடுத்த அறையில் தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள்.