பிளாப்பிக்கு வைத்த பொட்டு

செருப்பை வாசலில் விட்டு, புடவைத் தலைப்பால் இரண்டு கைகளையும் துடைத்த பிறகுதான் தாட்சாயிணி கம்ப்யூட்டர் அறைக்குள் போவாள். செருப்பு, கல்லூரி போட்ட சட்டம். கை துடைப்பது அவளே சேர்த்துக்கொண்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனியில் கட்டிங் பிரிவு அவளுக்கு. விரலிடுக்கில் எப்போதும் சாக்பீஸ் தூள் இருக்கும்.

படித்தது பி.ஏ. வரலாறு. எந்தப் பட்டதாரியும் சேரலாம் என்று மாலைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் பயன்பாட்டுப் பட்டயப் படிப்பு தொடங்கியதும் முதல் ஆளாகப் போய் நின்றாள். கூடப் படித்தவர்களில் தாவரவியல் டீச்சர் உண்டு, பாங்க் குமாஸ்தா உண்டு. அவரவர் தொழிலுக்கு உதவும்படி ஒரு புரோகிராம் எழுதிக் காட்டினால்தான் பட்டயம்.

"ஹிஸ்டரிக்கும் கம்ப்யூட்டருக்கும் இன்னாம்மா சம்பந்தம்?" என்றார் கட்டிங் மாஸ்டர் ஜெயராமன்.

"துணிக்கும் கம்ப்யூட்டருக்கும் கீதுண்ணே. பாத்துகினே இருங்க."

சட்டையின் கை, காலர், முதுகுத் துண்டுகளை எப்படி நெருக்கி அடுக்கினால் துணி வீணாகாது என்று சொல்லும் புரோகிராம் அவள் எழுதியது. அதையே யோசித்துக்கொண்டு, பட்டரவாக்கத்தில் இறங்க வேண்டியவள் வில்லிவாக்கம் வரை ரயிலில் போனதும் உண்டு.

போன வருடம் தேர்வுக்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது. அம்மா கன்னியம்மாள் கத்தரிக்கோலுக்கும் இஞ்ச் டேப்புக்கும் சந்தனம் வைத்த கையோடு, மகள் தன் புரோகிராமைப் பதிந்து வைத்திருந்த பிளாப்பித் தட்டுக்கும் வைத்துவிட்டாள். உறை மேல் வைத்திருந்தால் பிழைத்திருக்கும். பக்தி சும்மா விடுமா? உறையை உருவி, உள்தட்டு தெரிகிற திறப்பில் கச்சிதமாக ஒரு பொட்டு வைத்து, பழையபடி உறைக்குள் போட்டுவிட்டாள். வேறு நகல் கிடையாது. தேர்வாளர் முன்னால் மெஷின் கரகரத்ததே தவிர, ஒரு வரி படிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரனான நான் இதை அப்புறம்தான் கேள்விப்பட்டேன்.

அவள் அழவில்லை. கைப்பையிலிருந்து துணிக்கு அடையாளம் போடும் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் சட்டைத் துண்டுகளை வரைந்து, புரோகிராம் எதை எங்கே ஏன் வைக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனாள். தேர்வாளர் மாலைவரை நேரம் கொடுத்தார். உட்கார்ந்து புரோகிராமை மறுபடி டைப் அடித்து ஓட்டிக் காட்டினாள். முதல் வகுப்பு. தெரு முழுக்க நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெருமையாக இருக்காதா பின்னே?

இன்று கம்பெனியில் அவள் புரோகிராம் சொல்கிறபடிதான் துணியை வெட்டுகிறார்கள். ஜெயராமனுக்கு அவள் "எங்க தாட்சாயிணி" ஆகிவிட்டாள். கன்னியம்மாள்தான் அந்தப் பொட்டை மறக்கவில்லை.

இந்த வருடப் பூஜைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கத்தரிக்கோல் வரைக்கும் வந்த சந்தனக் கிண்ணம் பிளாப்பி டப்பாவுக்கு முன்னால் நின்றுவிட்டது.

"நான் அத்த தொட மாட்டேன்பா" என்றாள் கன்னியம்மாள். கொஞ்சம் யோசித்து, "கைய நீட்டு" என்று மகளைக் கூப்பிட்டு, ஒவ்வொரு விரலுக்கும் சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் வைத்தாள்.

எதற்கெடுத்தாலும் தலைப்பில் கையைத் துடைக்கிற தாட்சாயிணி, பூஜை முடிந்து எல்லோரும் கிளம்பும் வரை விரல்களை விரித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.