பால் காய்ச்சக் கூட்டிப்போன ஏரிக்கரை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கும்மிடிப்பூண்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு வெள்ளை வேன் நின்றிருந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு படம்: நீல நிற ஏரி, ஒரு படகு, ஊஞ்சலாடும் குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஒரு முகம்கூட எங்கள் பக்கத்து முகமில்லை. பெரியபாளையத்துக்கு அப்பால் ஏரியோரமாக விடுதியும் வீடுகளுமாக ஒரு நகரம் எழுப்பி விற்கிறார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு வேன் இலவசம், மதியம் பிரியாணி இலவசம். நிறுவனத்தின் பெயரை எழுத மாட்டேன். இதே வேன் வேறு பெயரோடு உங்கள் தெருவுக்கும் வரும்.

நான் போனது என் அக்கா செல்விக்காக. மாமா இரும்பு ரோலிங் மில்லில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து படுத்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். ஆதார் திருத்தமோ ஆஸ்பத்திரிச் சீட்டோ, எழுத்திருக்கிற எதுவானாலும் என் கைக்கு வந்துவிடும். "நீ படிச்சிப் பாரு. அப்பறந்தான் கையெழுத்து" என்று அக்கா முதல் நாளே சொல்லியிருந்தாள். அவள் மடியில் ஐந்து வயது மகள் யாழினி. குழந்தைக்கு இரண்டு வருடமாக வீசிங். அக்காவின் கைப்பையைத் திறந்தால் பர்ஸுக்கும் மேலே இன்ஹேலர்தான் இருக்கும்.

வண்டியைக் கிளப்பும்போதே ஓட்டுநர் சேகர் பின்னால் திரும்பிச் சொன்னார்: "சன்னல மூடியே வைங்க நைனா. தச்சூர் தாண்டினதும் தொறந்துக்கலாம்."

யாரும் ஏனென்று கேட்கவில்லை. கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு ஆலைப் புகையை விளக்க வேண்டியதில்லை.

எனக்குப் பக்கத்தில் ஹமீது பாயும் அவர் வீட்டம்மாவும். கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். ஏரிக்கரைக்கு ஏன் குடிபோக நினைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் பொறந்தது பழவேற்காடு தம்பி. ஊட்டுக் கதவத் தொறந்தா ஏரி. அத வித்துட்டுத்தான் கும்மிடிப்பூண்டில கடை போட்டேன். இப்ப ஏரியப் பாக்கறதுக்கு டப்பு எடுத்துக்கினு போறேன். வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"வெளிய எதுக்கு? நான் சிரிச்சிக்கினுதான் கீறேன்" என்றார் வீட்டம்மா.

"கடை வாசல்ல வெள்ளச் சட்ட தொங்கவுடுவேன். காலைல வெள்ள, சாயந்திரம் சாம்பல். புது ஸ்டாக்குன்னு வித்துடலாம், அது பரவால்ல. அதே காத்துதான நெஞ்சுக்குள்ளயும் போவுது?"

பின் வரிசையில் இருந்த இருவர் முதலீடு என்றார்கள். இன்னொருவர் மூன்றாவது முறையாக வருகிறாராம். "பிரியாணி நல்லாருக்கும் பிரதர்" என்றார். அன்று கேட்ட காரணங்களிலேயே கலப்படமில்லாதது அது ஒன்றுதான்.

தச்சூர் கூட்டுரோடு தாண்டியதும் சன்னல்கள் திறந்தன. ஜனப்பன்சத்திரத்தில் மேற்கே திரும்பினோம். அங்கே ஒரு டீ பதினைந்து ரூபாய். சாலையின் இரு பக்கமும் நாற்று நட்ட வயல்கள், நடுநடுவே செங்கல் லாரிகள். யாழினி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாடுகளை எண்ணிக்கொண்டு வந்தாள்.

ஒன்பதே கால் மணிக்கு ஏரி நகரத்தின் வளைவுக்குள் நுழைந்தோம். தெருக்களுக்கெல்லாம் வெளிநாட்டு ஏரிகளின் பெயர்கள். பக்கத்தில் கிடக்கும் நிஜ ஏரியின் பெயர் ஒரு பலகையிலும் இல்லை. கழுத்தில் டை கட்டிய யுவராஜ் என்ற இளைஞர் எங்களை மாதிரிக்காகக் கட்டிய ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். ஒரு படுக்கையறை, கூடம், சமையலறை. இருபத்திரண்டு லட்சம். நான் பத்திரத்தைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன்.

"பேப்பர்ஸ் எல்லாம் அப்புறம் பாக்கலாம் சார். மேடம், மொதல்ல பால் காய்ச்சிடுங்க."

சமையலறையில் எல்லாம் தயாராக இருந்தது. மாக்கோலம் போட்ட அடுப்பு மேடை, மஞ்சள் கட்டிய புதுப் பாத்திரம், அரை லிட்டர் பாக்கெட் பால், தீப்பெட்டி. அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கி வழிந்தது. யுவராஜ் கைதட்டினார். இன்னொருவர் படம் எடுத்தார். ஆளுக்கு ஒரு பேப்பர் கப்பில் பாலைக் கொடுத்து, "இனிமே இது உங்க வீடு மேடம்" என்றார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பால் பொங்கிய வீட்டை வேண்டாமென்று சொல்ல எங்கள் பெண்களுக்கு வாய் வராது. அது நல்லதில்லை என்ற பயம் வீட்டுக்கு வீடு உண்டு. அந்தப் பயத்தைத்தான் இவர்கள் அரை லிட்டர் பாலுக்கு வாங்குகிறார்கள். நாங்கள் வெளியே வந்ததும் ஓர் அம்மா அதே பாத்திரத்தைக் கழுவி, புது மஞ்சள் கட்டி, அடுத்த குடும்பத்துக்கு மேடையைத் துடைத்தார். பாய் வீட்டம்மாவுக்குப் பாலோடு பேரீச்சம்பழத் தட்டும் வந்தது. யாருக்கு எது என்று படித்து வைத்திருக்கிறார்கள். ஒரே அடுப்பில், ஒரே காலையில், நான்கு குடும்பங்கள் குடியேறின.

அக்காவை வெளியே விளையாட்டுத் திடலில் உட்காரவைத்துவிட்டு ஏரியைத் தேடிப் போனேன். தெருக்களின் முடிவில் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே சுவர். சுவரில் ஏரியின் படம். நூறடி தள்ளி ஒரு கேட், கேட்டில் ஒரு காவலாளி. விடுதி விருந்தினருக்கு மட்டும்தான் அனுமதியாம். மற்றவர்களுக்கு இருநூறு ரூபாய்.

"ஏரி அரசாங்கத்துது இல்லையா அண்ணே?" என்றேன்.

"ஏரி அரசாங்கத்துது. கேட்டு இவங்குளுது" என்றார் அவர், கோபமில்லாமல்.

அந்தக் கடைசித் தெருவில் ஒரு வீட்டு வாசலில் தேவகி என்ற அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். மணவாள நகரிலிருந்து இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்தவர். கணவர் ஓய்வுபெற்றுவிட்டார், மகன் பெங்களூரில்.

"எதுக்கும்மா இங்க வந்தீங்க?"

"அமைதியா இருக்கலாம்னு சொன்னாங்க. அமைதியாத்தான் கீது. கொத்தமல்லி வாங்கணும்னாகூட பெரியபாளையம் போவணும். பஸ்ஸு காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு."

"ஏரிக்குப் போவீங்களா?"

"ஊட்டுக்காரங்களுக்குப் பாதி டிக்கெட்டு. நூறு ரூபா குடுத்துத் தண்ணியப் பாக்கணுமாப்பா? மாடி ஏறினா தெரியும். முட்டி ஏற வுடல." துணியை உதறிப் போட்டார். "ஆனா பொய் சொல்லக் கூடாது. ராத்திரில தூக்கம் வருது. அங்க வரல."

கடைசியில் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுவர், டிக்கெட், பால் பாத்திரம், பஸ் இல்லாத ஊர் என்று எனக்கு வேண்டியவை கிடைத்துவிட்டன. வக்கீல் மாதிரி விறுவிறுவென்று திடலுக்குத் திரும்பினேன். அக்கா ஒரு சிமென்ட் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே யாழினி சறுக்குமரத்தில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். லேக் வியூ என்று அச்சடித்திருக்கிறார்களே தவிர வீட்டிலிருந்து சுவர்தான் தெரியும் என்றேன்.

"வியூவ யாருடா கேட்டா?"

"பால் காய்ச்ச வெச்சதே உன்ன ஏமாத்தறதுக்குத்தான்க்கா. காய்ச்சிட்டா வேணாம்னு சொல்லமாட்டன்னு."

அக்கா சிரித்தாள். "கல்யாணமாயி ஏழு ஊடு மாறினேன். ஏழுலயும் பால் பொங்குச்சி. எதுனா எங்குளுதாச்சா? அந்தப் புள்ள டையக் கட்டிக்கினு தீப்பெட்டிய நீட்டறான், பாவமா இருந்துச்சி, காய்ச்சினேன்."

"அப்ப கிளம்பலாம் வா."

"முரளி, மணி இன்னா?"

"பன்னெண்டாவப் போவுது."

"வந்ததுல இருந்து ஓடிக்கினே கீறா. ஒருவாட்டி இருமினாளா பாத்தியா? அதுக்கு இன்னா சொல்ற, சொல்லு."

நான் குழந்தையைப் பார்த்தேன். அவள் தலைகீழாகச் சறுக்கி மண்ணில் விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினாள். எங்கள் தெருவில் அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. அக்கா ஓட விடமாட்டாள்.

"மாமா வேலைக்கு எப்படி வருவாரு? நாப்பது கிலோமீட்டர். கம்பெனி பஸ்ஸு இங்க வராது."

"அவரு அங்கயே மில்லுப் பசங்களோட ரூம்ல தங்கிக்குவாராம். வாரத்துல ஒருநாளு வருவாரு. நேத்தே பேசிட்டோம்." கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். "நீ பேப்பர மட்டும் ஒழுங்காப் படி."

படித்தேன். மேசைக்கு எதிரே யுவராஜ் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார், மூன்று முறை "ஸ்டாண்டர்ட் ஃபார்மட்தான் சார்" என்றார். பராமரிப்புக் கட்டணத்தை அவர்கள் இஷ்டத்துக்கு ஏற்றலாம் என்ற வரியை அடிக்கச் சொன்னேன். அடிக்க முடியாது என்றார். அக்காவிடம் அந்த வரியை உரக்கப் படித்துக் காட்டினேன். "கேட்டேன்" என்றாள். பத்தாயிரம் முன்பணம் கட்டி, தமிழில் ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.

பாய் வீடு எடுக்கவில்லை. பிரியாணி சாப்பிடும்போது சொன்னார்: "ஏரியச் சுவத்துக்குப் பின்னால வெச்சா அது தொட்டி தம்பி. தொட்டி எங்க ஊட்டு மாடிலயே கீது." வீட்டம்மா பேரீச்சம்பழத்தை மட்டும் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டார்.

இரண்டரை மணிக்கு வேன் திரும்பியது. யாழினி சன்னலோரமாகத் தூங்கிவிட்டாள். காற்று அவள் முடியைக் கலைத்துக்கொண்டே வந்தது. எனக்குக் கோபம் தணியவில்லை. ஆனால் அது யுவராஜின் டையை விட்டு, வேனோடு சேர்ந்து எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. எங்கள் காற்றைக் கெடுத்தவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும். மனு கொடுத்தால் அதிகாரிகள் அளந்து பார்க்க வருவார்கள். வருகிற அன்று புகைபோக்கிகள் சும்மா நிற்கும். கேள்வி கேட்க எங்களுக்கு ஒரு வாசல் கிடையாது. நாற்பது கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிற காற்றைச் சதுர அடிக் கணக்கில் விற்கிற வேன் மட்டும் வாசலுக்கே வருகிறது. புகைக்கு நடுவே உழைத்த சம்பளத்தைக் கொண்டுபோய் அங்கே கட்டுகிறோம். அதற்கும் ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்தால்தான் முடிகிறது. ஏரிக்கரையில் பார்த்த சுவர் ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேதான். எங்கள் ஊரைச் சுற்றி நிற்கிற சுவருக்கு உயரம் தெரியவில்லை.

தச்சூர் கூட்டுரோட்டில் வண்டி வேகம் குறைந்தது. சேகர் பின்னால் திரும்பாமலே, காலையில் சொன்ன அதே குரலில் சொன்னார்.

"சன்னல மூடிக்கோங்க நைனா. ஊர் வந்துடுச்சி."

அக்கா ஒரு கையால் சன்னலை இழுத்து மூடினாள். இன்னொரு கை கைப்பைக்குள் போய் அங்கேயே இருந்தது.