அண்ணன் காருக்கு மாற்றாத எண்ணெய்

போன வாரம் மகளின் பழைய காரைத் தேனியில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போயிருந்தேன். கியர் தானாக மாறும் வண்டி. கொஞ்ச நாளாக, கியரைப் போட்டால் சற்று யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது. மெக்கானிக் கியர் எண்ணெயின் அளவுக் கம்பியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். "செவப்பா இருக்கணும் சார். டிக்காசன் மாதிரி ஆயிருச்சு. மோந்து பாருங்க, கருகிருக்கு." மோந்து பார்த்தேன். டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். டீ குடிக்கவில்லை.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் சூடு கூடிப்போனாலும் ஏறக்குறைய இப்படி ஒரு வாடை வரும். சட்டையை விட்டு லேசில் போகாது. பல வருடங்களுக்கு முன்பு நான் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. காயைக் கையில் அள்ளியதுமே தரம் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. முதலாளிக்கு அந்த நினைப்பு இல்லை.

அண்ணனுக்குப் போடிமெட்டு தாண்டிக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் ஜீப் கவிழ்ந்து, இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. மாதக்கணக்கில் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். கிளட்ச் இல்லாத கார் ஒன்று கொச்சியில் விலைக்கு வருகிறதென்று கேள்விப்பட்டு, நான் போய் ஓட்டிவந்தேன். அப்போதே வயதான வண்டி. அதில் அண்ணன் தனியாக மலையடிவாரத்து முந்தல் வரை போய்த் திரும்பிய அன்று மதினி வாசலில் நின்று அழுதார். அண்ணன் சிரித்தார். "ஒத்தக் கால் போதும்டா இதுக்கு. ரெண்டு கால் உள்ளவன் ஒண்ணச் சும்மாதான் வச்சிருக்கான்."

அதன்பின் வாரம் தவறாமல் தோட்டத்துக்குப் போனார். வண்டியை அவரே துடைப்பார், அவரே காற்றடிப்பார். ஒர்க்‌ஷாப் அலைச்சல் மட்டும் என் பொறுப்பு.

ஒருநாள் சொன்னார்: "கியர் வழுக்குதுடா. வளைவுல மிதிச்சா எஞ்சின் கத்துது, வண்டி ஏற மாட்டேங்குது. மதுரைக்குக் கொண்டு போயி அந்தச் செவப்பு எண்ணெய மாத்திட்டு வா."

"சரிண்ணே, கடையில இப்ப சீசனு..."

"கடைச் சோலி எப்பவும்தான் இருக்கும். வெரசா போயிட்டு வாடா."

மூன்றாவது முறை கேட்டபோது வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மதுரைக்கு அல்ல, போடியிலேயே லாரி பார்க்கும் ஒரு பட்டறைக்கு. அங்கிருந்தவர், "ஆட்டோ கியர்ல நான் கை வைக்க மாட்டேன் தம்பி, மதுரைக்கே போங்க" என்றார். ஒரு பாட்டில் எண்ணெய் வாங்கிக் குறைந்ததற்கு மேலே ஊற்றிக்கொண்டு, நேரே கடைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வண்டியை விடும்போது அண்ணன் கேட்டார்.

"மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சுண்ணே."

இதைச் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை.

அடுத்த வாரம் மதினியையும் கூட்டிக்கொண்டு மலையேறினார். பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் கத்த, வண்டி நின்று, பின்னால் உருள ஆரம்பித்திருக்கிறது. கால் பிரேக்கில் விழுவதற்குள் வண்டி வேகம் பிடித்துவிட, அண்ணன் மலைப்பக்கமாகத் திருப்பிவிட்டார். பின்பக்கம் பாறையில் மோதியது. எதிர்ப்பக்கம் திருப்பியிருந்தால் பள்ளம். பின்னால் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றி வந்த ஜீப் நின்றது. அவர்கள்தான் குதித்திறங்கிச் சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள்.

தகவல் வந்து நான் போனபோது வண்டிக்கடியில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறம், அதே கருகல் வாடை. மதினி நெற்றியில் துண்டை அழுத்திப் பிடித்திருந்தார், துண்டெல்லாம் ரத்தம். அண்ணன் கட்டைச்சுவரில் உட்கார்ந்திருந்தார்.

"என் மேலதான்டா தப்பு. நீதான் எண்ணெய மாத்திட்டியே, வண்டிய என்ன சொல்ல? எனக்குத்தான் கால் சரியா விழல. ஒத்தக் கால வச்சுக்கிட்டு மல ஏற நெனச்சது கொழுப்பு."

வாயைத் திறந்தேன். அந்நேரம் மேலேயிருந்து ஒரு பஸ் ஆரன் அடித்தது. வழிவிட வேண்டுமென்று ஓடினேன். அப்படி ஓடுவதற்கு ஒரு பஸ் வந்ததில் எனக்கு எவ்வளவு ஆறுதல் என்பதை உங்களிடம்தான் சொல்கிறேன்.

அண்ணன் அதன்பின் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. சரிபண்ணித் தருகிறேன் என்றேன். "வேணாம்டா. அவளக் கொல்லப் பாத்தேன்" என்றார். கார் கொட்டகையிலேயே துருப்பிடித்து, பிறகு பழைய இரும்புக்குப் போனது. தோட்டம் குத்தகைக்குப் போய், அப்புறம் கைமாறியது. ஒருமுறை துணிந்து, "அண்ணே, அந்தக் கார்..." என்று தொடங்கினேன். "அந்தப் பேச்ச எடுக்காத" என்று கையை உயர்த்தினார். அவரே தடுத்துவிட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நல்ல சமாதானம், இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடைசி வருடங்களில் தெருவைப் பார்த்த ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மலையிலிருந்து இறங்கி வருகிறவர் யாராக இருந்தாலும் நிறுத்தி, "மேல மழையா?" என்று கேட்பார். ஆமென்றால் முகம் தெளியும்.

அண்ணன் போய் இரண்டு வருடமாகிறது. மதினி கோயமுத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார், அவரிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டில் இப்போது வேறு குடித்தனம். நேற்று போடிமெட்டுக்குப் போய்விட்டு நனைந்துகொண்டே அந்தத் தெரு வழியாகத்தான் வந்தேன். மேலே நல்ல மழை. யாரும் கேட்கவில்லை.